6 அடி 2 அங்குலமும் ஒரு பெஞ்சு சீட்டும்

ஆடி 2

கிளட்சிலிருந்து காலை எடுத்தால் முழங்கால் ஸ்டியரிங் வளையத்தில் இடிக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை கூரைத் துணியில் உரசுகிறது. அப்பா 5 அடி 4 அங்குலம். அவருக்கு இந்த 1978 பிரீமியர் பத்மினி அளவெடுத்துத் தைத்த சட்டை. நான் 6 அடி 2 அங்குலம். அஞ்சுகிராமத்திலிருந்து மயிலாடி வழியாக நாகர்கோவில் போய் இறங்குவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

இது இத்தாலிக்காரர்கள் 1953-ல் கொண்டுவந்த ஃபியட் 1100-ன் வாரிசு. பம்பாய் குர்லாவில் 1964 முதல் ஃபியட் பெயரிலேயே செய்தார்கள், 1974-ல் பத்மினி ஆனது. அன்றைக்கு எந்த உயரத்து ஆளை மனதில் வைத்து உட்காருமிடத்தை வரைந்தார்களோ, நிச்சயம் என்னை இல்லை.

ஆடி 5

வடசேரியில் சீட் தைக்கும் அண்ணாச்சியிடம் வண்டியைக் கொண்டுபோனேன். "சீட்டைப் பின்னால தள்ளணும் அண்ணாச்சி" என்றேன். "தள்ளலாம் மக்கா. மொதல்ல உள்ள என்ன கெடக்குன்னு பாப்போம்" என்று ரெக்சினைப் பிரித்தார்.

அடியில் சுருள் ஸ்பிரிங். அதன்மேல் சாக்கு, தும்பு. அதற்கும் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு ஃபோம். ஸ்பிரிங் தளர்ந்தபோதெல்லாம் அதைச் சரிசெய்யாமல், மேலே ஃபோம் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளம் நிரம்பிவிடும், உட்காருகிற ஆள் உயர்ந்துவிடுவான். குட்டையானவருக்குச் சாலை நன்றாகத் தெரியும், என்னைப் போன்றவனுக்குக் கூரை தெரியும். தலை இடித்ததற்குப் பாதிக் காரணம் இந்த ஃபோம்தான், இத்தாலிக்காரர்களை மட்டும் திட்டிப் பயனில்லை.

ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி, மேலே ரப்பர் ஏற்றிய தும்பு மெத்தை ஒன்றே போதும் என்றார் அண்ணாச்சி. அது அமுங்கிப்போகாது, காற்றும் புகும், முதுகு வேர்க்காது. தும்பு நம் கடலோரத் தென்னை, ரப்பர் குலசேகரம் பக்கத்து மலை. இரண்டையும் தரும் மாவட்டத்தில் இருந்துகொண்டு ஃபோமுக்கு அலைந்திருக்கிறோம்!

ஆடி 8

நண்பர் ஒருவர், "பெஞ்சைக் கழற்றிப் போட்டுவிட்டு பழைய மாருதியின் இரண்டு தனி சீட்டை வையேன்" என்கிறார். வசதிதான், சந்தேகமில்லை. ஆனால் முன்பக்கம் ஒரு ஆள் இடம் குறையும். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கை எண்ணிக்கை எழுதியிருக்கிறது. பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. இன்னொன்றும் உண்டு. 50 வயது கடந்த வண்டியை, மூல வடிவம் கெடாமல் இருந்தால், பழம்பெரும் வாகனமாகப் பதியலாம் என்று 2021-ல் விதி வந்தது. என் வண்டிக்கு 2028-ல் 50.

கூரையை உயர்த்தியவர்களும் இருக்கிறார்கள். 1967 லெ மான் பந்தயத்தில் ஃபோர்டு ஓட்டிய டான் கர்னி என்னைவிட உயரம். ஜி.டி.40 என்ற வண்டிக் குடும்பத்தின் பெயரே அதன் 40 அங்குல உயரத்தால் வந்தது என்றால் உள்ளே தலைக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்! கர்னியின் ஹெல்மெட்டுக்காகக் கூரையில் ஒரு புடைப்பே வைத்தார்கள். அவரும் ஏ. ஜே. ஃபாய்ட்டும் அந்தப் பந்தயத்தில் ஜெயித்தார்கள். அது 24 மணி நேரப் பந்தயம். நான் கூரையை வெட்டினால் ஐப்பசி மழை முழுக்க என் மடியில்.

ஆடி 13

இன்று பட்டறையில் சீட் ஏறியது. பாயைத் தூக்கினால் தரைத்தகட்டில் துரு. கடற்காற்று அடிக்கிற ஊரில் வேறென்ன இருக்கும். புது ஓட்டைக்கும் வெல்டிங்குக்கும் அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. "தரையத் தொடாண்டாம் மக்கா. மெலிஞ்ச தகட்டுல வச்ச வெல்டு ஒரு இடி இடிச்சா கூடவே பிஞ்சு வரும்."

கால் அங்குல இரும்புப் பட்டை இரண்டு. அவற்றைத் தரையின் பழைய துளைகளிலேயே முடுக்கி, பட்டைமேல் பின்னால் தள்ளித் துளையிட்டு ரெயிலை உட்கார்த்தினோம். போல்ட்டுகள் 8.8 தரம், அடியில் அகலத் தகடு. ரெயிலின் முன்பக்கம் மட்டும் கொஞ்சம் உயர்த்தினோம். நீளக் கால்காரனுக்குத் தொடை அந்தரத்தில் நின்றால்தான் மரத்துப்போகிறது.

2 அங்குலம் தள்ள நினைத்திருந்தேன். பெஞ்சு ஆயிற்றே, நான் பின்னால் போனால் பக்கத்து ஆளும் போகவேண்டும், பின்னால் இருப்பவர் நெருக்கப்பட வேண்டும். அம்மா உட்கார்ந்து பார்த்து, "எனக்க முட்டு இடிக்குதுலே" என்றாள். ஒன்றரை அங்குலத்தோடு நிறுத்தினோம். சின்ன ஸ்டியரிங் போடலாமே என்று பட்டறைப் பையன் கேட்டான். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் பெரிய வளையம்தான் நெம்புகோல், அதைச் சுருக்கினால் திருப்பங்களில் தோள் கழன்றுவிடும்.

ஆடி 16

கூடங்குளம் வரை போய் வந்தேன். தலைக்கு மேல் நான்கு விரல் இடம். முழங்கால் வளையத்துக்குக் கீழே தட்டாமல் போகிறது. இடுப்பு வலி இல்லை. முதுகுச் சாய்மானம் இன்னும் கொஞ்சம் நேராகவே நிற்கிறது, அதற்கு வழியில்லை.

பழைய வண்டி வாங்க நினைக்கும் நெட்டையர்களே, செருப்போடு உட்கார்ந்து கிளட்சை முழுக்க மிதித்து விட்டுப் பாருங்கள். இடித்தால் உடனே வெட்டவும் துளைக்கவும் கிளம்பாதீர்கள், முதலில் மெத்தையைப் பிரிக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய போல்ட்டுகளைத் தூக்கி எறியாமல் டிக்கியில் போட்டு வையுங்கள். அடுத்து ஓட்டப்போகிறவர் 5 அடி 4 அங்குலமாக இருக்கலாம்.