தபால் பெட்டியும் பாகம் பாகமாக: பிளாஸ்டிக் மாடல்களின் தலைநகரம் ஷிசுவோகா

டோக்கியோவில் ஹிகாரி புல்லட் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். மேகம் மனது வைத்தால் வலப்பக்க ஜன்னலில் ஃபுஜி மலை முழுசாகத் தெரியும். அது பின்னால் நகர்ந்த கொஞ்ச நேரத்தில் ஷிசுவோகா வந்துவிடும். அதைவிட வேகமான நொசோமி ரயில்கள் இங்கே நிற்பதே இல்லை. பச்சைத் தேயிலைக்கும் வசாபிக்கும் பேர்போன ஊர் என்பதைத் தாண்டி, பெரும்பாலான சுற்றுலாப் பயணிகளுக்கு இந்த ஊரைப் பற்றித் தெரியாது.

ஆனால், சின்ன வயதில் ஒரு முறையாவது பிளாஸ்டிக் விமானம் ஒட்டிப் பார்த்தவர்களுக்கு இது புண்ணியத் தலம். டாமியா, ஹாசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி, பண்டாய் என்று மாடல் பெட்டிகளின் மேல் பார்த்த பெயர்கள் எல்லாம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. ஜப்பானில் தயாராகும் பிளாஸ்டிக் மாடல்களில் சுமார் 80 சதவீதம் ஷிசுவோகா மாநிலத்திலிருந்து போகிறது.

ஊருக்குள் நடந்தால் அது கண்ணிலும் படும். தெருவோரம் ஆளுயரத்துக்கு ஒரு நீலச் சட்டம். அந்தச் சட்டத்தில் ஒரு தபால் பெட்டியின் பாகங்கள் தனித்தனியாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இன்னோர் இடத்தில் ஒரு பொதுத் தொலைபேசி அதே கோலத்தில். புதிதாகப் பார்ப்பவர்கள் "இதென்ன, வேலை பாதியில் நிற்கிறதா?" என்று விழிப்பார்கள். மாடல் கட்டுபவர்களுக்குப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிடும். கடையில் வாங்கும் மாடல் பெட்டியைத் திறந்தால் பாகங்கள் இப்படித்தான் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கும். நிப்பரால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து ஒட்டவேண்டும். நகராட்சி அந்தச் சட்டத்தையே பெரிதாக்கித் தெருவில் நிறுத்திவிட்டது. அந்தத் தபால் பெட்டி வெறும் பொம்மையும் இல்லை. கடிதம் போடலாம்!

கோயில் கட்ட வந்தவர்கள்

இந்தத் தொழில் இங்கே எப்படி வேர் பிடித்தது? பதில், ஊரின் வடக்கே ஷிசுஹாட்டா மலையடிவாரத்தில் இருக்கும் செங்கென் கோயிலில் கிடைக்கிறது.

ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த தொகுகாவா இயேயாசு, பதவியை மகனிடம் கொடுத்துவிட்டு 1607-ல் இங்குள்ள சுன்பு கோட்டைக்கு வந்து தங்கினார். 1616-ல் இங்கேயே இறந்தார். அவருடைய வம்சம் இந்த ஊர்க் கோயில்களுக்கு வாரி வழங்கியது. தச்சர்கள், சிற்பிகள், அரக்குப் பூசுபவர்கள் எனப் பல ஊர்களிலிருந்து கைவினைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். இன்று நிற்கும் செங்கென் கோயிலின் திருப்பணி 1804-ல் தொடங்கி 60 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. வேலைக்கு வந்த ஒருவர் பேரன் எடுக்கும் வரை வேலை இருந்தது என்று அர்த்தம். வந்தவர்களில் பலர் இங்கேயே குடியேறிவிட்டார்கள்.

கோயில் வேலை ஓய்ந்த பிறகும் கை சும்மா இருக்குமா? மரச்சாமான், அரக்குப் பெட்டி, கண்ணாடி மேசை என்று செய்ய ஆரம்பித்தார்கள். ஜப்பானில் மார்ச் 3-ம் தேதி பெண் குழந்தைகளுக்காக பொம்மைத் திருவிழா நடக்கும். படிக்கட்டில் ராஜா, ராணி பொம்மைகளை அடுக்கி, அவற்றின் முன்னே விரல் நீளத்தில் அலமாரி, பல்லக்கு, சாப்பாட்டுத் தட்டு என்று சொப்புச் சாமான்களை வைப்பார்கள். அந்தச் சொப்புகளுக்குப் பெயர்பெற்ற ஊரும் ஷிசுவோகாதான். நிஜப் பொருளை அளவு மாறாமல் சுருக்கிச் செய்வது இங்குள்ள கைகளுக்கு அப்போதே பழகிவிட்டது.

1924-ல் அவோஷிமா ஜிரோ என்ற விமானி இங்கே தொடங்கிய விமான ஆய்வுக்கூடம் பிறகு மாடல் விமானங்கள் செய்யும் நிறுவனமாக மாறியது. ஹாசெகாவா 1941-லும், ஃபுஜிமி 1948-லும் மர மாடல்களோடுதான் தொழிலைத் தொடங்கின. 1946-ல் டாமியா யோஷியோ திறந்தது மரக்கடை. பக்கத்தொழிலாகச் செய்த மர மாடல்கள் நன்றாக விற்கவே, சில ஆண்டுகளில் மர வியாபாரத்தை விட்டுவிட்டு மாடலே கதி என்று இறங்கிவிட்டார்.

மரம் தோற்ற கதை

1950-களில் அமெரிக்காவிலிருந்து பிளாஸ்டிக் மாடல்கள் வந்து இறங்கின. மரக்கட்டையைச் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நாள்கணக்கில் உழைத்தாலும் வராத நுணுக்கம், பெட்டியைத் திறந்ததுமே அச்சாகக் கிடைத்தது. 1958-ல் ஜப்பானியத் தயாரிப்பாகவும் ஒரு பிளாஸ்டிக் நீர்மூழ்கிக் கப்பல் கடைகளுக்கு வந்துவிட்டது. மர மாடல்களைச் சீந்த ஆளில்லை.

யோஷியோவின் மகன் ஷுன்சாகு, பல்கலைக்கழகப் படிப்பை முடித்துத் தந்தையின் தொழிலுக்கு வந்த நேரம் அது. பிளாஸ்டிக்குக்கு மாறுவது என்றால் எஃகு அச்சு வேண்டும். ஓர் அச்சின் விலை சிறு நிறுவனத்தையே விழுங்கக்கூடியது. துணிந்து இறங்கினார்கள். 1960-ல் டாமியாவின் முதல் பிளாஸ்டிக் மாடல் வந்தது: 1/800 அளவில் யமாட்டோ போர்க்கப்பல். அதே கப்பலை இன்னொரு நிறுவனம் அதைவிடக் குறைந்த விலையில் கொண்டுவந்தது. டாமியாவின் கப்பல் கரைசேரவில்லை. அச்சுக்குப் போட்ட பணமும் போயிற்று.

நிறுவனத்தை நிமிர்த்தியது, பிறகு வந்த பேந்தர் பீரங்கி வண்டி. உள்ளே மோட்டார், பேட்டரி. ஒட்டி முடித்துத் தரையில் விட்டால் ஓடும். அதன் அளவு 1/35. ஏன் அந்த விசித்திரமான எண்? பேட்டரி உள்ளே உட்காரத் தோதாக வண்டியின் அளவை வைத்தார்கள். கணக்குப் பார்த்தபோது ஏறக்குறைய 1/35 வந்தது. பேட்டரிக்காகப் பிறந்த அந்த எண்ணைத்தான் இன்று உலகம் முழுக்க ராணுவ வண்டி மாடல்களுக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

அதன் பிறகு ஷுன்சாகு தேடியது துல்லியத்தை. கேமராவும் அளவு நாடாவுமாக வெளிநாட்டு ராணுவ அருங்காட்சியகங்களில் ஏறி இறங்கினார். போர்ஷே காரின் மாடல் சரியாக வரவேண்டும் என்பதற்காக நிஜமான போர்ஷே 911 ஒன்றை வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றிப் போட்டார்கள். போர்ஷேயைப் பொம்மைக்காகப் பிரித்த அந்தக் கதையை மாடல் ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். 1976-ல் 1/12 அளவில் போர்ஷே 934 மாடல் வெளிவந்தது. ஷுன்சாகு 2025 ஜூலையில், 90-வது வயதில் காலமானார்.

எல்லோருக்கும் இப்படி விடியவில்லை. இன்று ஷிசுவோகாவோடு இணைந்துவிட்ட ஷிமிசு துறைமுகப் பகுதியில் இருந்த இமாய் நிறுவனம் 1969-ல் நொடித்துப்போனது. அதன் தொழிற்சாலையையும் அச்சுகளையும் டோக்கியோவின் பண்டாய் வாங்கியது. 1980-ல் தொடங்கி உலகையே கலக்கிவரும் கண்டம் ரோபோ மாடல்களுக்கு அந்தத் தொழிற்சாலைதான் அஸ்திவாரம்.

கட்டுபவரின் மேசை

ரயில் நிலையத்தின் தெற்கு வாசலிலிருந்து சில நிமிட நடையில், ஒரு கட்டிடத்தின் 3-வது மாடியில் ஷிசுவோகா ஹாபி ஸ்கொயர் இருக்கிறது. உள்ளூர் நிறுவனங்களின் மாடல்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். அப்பாவின் கையைப் பிடித்து வரும் பிள்ளைகளைவிட அப்பாக்கள்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

அவர்கள் பார்ப்பது கட்டியவரின் பொறுமையை. கார் மாடல் என்றால் முதல் வேலை மேல் கூட்டுக்குப் பெயின்ட். பளபளப்பான பூச்சு நன்றாகக் காயப் பல நாள் ஆகும். நடுவில் ஒரு தூசு விழுந்தாலும் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கவேண்டும். விமானத்துக்கு வழி வேறு. விமானி உட்காரும் இருக்கையில் தொடங்கவேண்டும். உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டிவிட்டால் உள்ளே தூரிகை போகாது. ஒட்டிய இடத்தில் தெரியும் கோட்டுக்குப் பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, ஏர் பிரஷ்ஷில் மெல்லிய பூச்சாகப் பெயின்ட் ஏற்றுவார்கள். தண்ணீரில் ஊறவைத்த மெல்லிய படங்களை நகர்த்தி ஒட்டுவார்கள். கறுப்பு பெயின்ட்டைத் தண்ணீராகக் கரைத்துத் தொட்டால், தகடுகளின் இணைப்புக் கோடுகளில் அது தானாக ஓடி நிரம்பும். புகைக்கறைக்குப் பொடித்த சாக்பீஸ்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிஜ விமானத்தின் வண்ணத்தையே வாங்கி மாடலுக்கு அடித்தால் தப்பாகத் தெரியும். தூரத்தில் இருக்கும் பொருளின் நிறம் கொஞ்சம் வெளிறித்தான் கண்ணுக்குப் படும். எனவே, அனுபவசாலிகள் சில துளி வெள்ளை கலப்பார்கள். தகட்டுக் கோடுகளும் அப்படித்தான். 1/72 அளவில் நியாயமாக அவை தெரியவே கூடாது. அச்சு செய்பவர்கள் வேண்டுமென்றே ஆழமாக வெட்டுகிறார்கள்.

ஆண்டுதோறும் மே மாதத்தில் ட்வின் மெஸ்ஸே அரங்கில் ஷிசுவோகா ஹாபி ஷோ நடக்கும். முதல் நாட்கள் வியாபாரிகளுக்கு. சனி, ஞாயிறு பொதுமக்களுக்கு. நிறுவனங்களின் புதுப் பெட்டிகள் ஒரு பக்கம் இருக்கட்டும். கூட்டம் மொய்ப்பது, ஜப்பான் முழுவதிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் மாடல் கிளப்புகளின் நீண்ட மேசைகளில். வேலை முடிந்த இரவுகளில் கட்டியவற்றை அட்டைப் பெட்டியில் பொத்திப் பொத்திக் கொண்டுவந்து பரப்பியிருப்பார்கள். எதிலும் விலைச்சீட்டு இருக்காது.

சுற்றிக் களைத்தால் ஊரின் கறுப்பு ஓடென் காத்திருக்கிறது. மாட்டிறைச்சிச் சாறும் சோயா சாஸும் சேர்ந்து கறுத்த குழம்பில், குச்சியில் செருகிய முட்டை, முள்ளங்கி, மீன் அடைகள் கொதித்துக்கொண்டே இருக்கும். மேலே மீன் பொடி தூவிச் சாப்பிடவேண்டும். கடல் பார்க்கத் தோன்றினால், ரயிலில் கால் மணி நேரத்தில் யாய்சு மீன்பிடித் துறைமுகம். விமான மாடல்களுக்குப் பேர்பெற்ற ஹாசெகாவா அங்கேதான் இருக்கிறது.

மலையுச்சியில் 23 பேர்

கிளம்புவதற்கு முன் செங்கென் கோயிலுக்கு மறுபடி ஒருமுறை போகவேண்டும். இந்த முறை கோயிலோடு திரும்பாமல், பின்னால் ஷிசுஹாட்டா மலையில் ஏறவேண்டும். மூச்சு வாங்கும் படிகள். மேலே போனால் ஊர் முழுவதும் காலடியில் மாடல் போலக் கிடக்கும்.

1945 ஜூன் 19 நள்ளிரவு தாண்டி, அமெரிக்காவின் பி-29 விமானங்கள் இந்த ஊரின் மேல் தீக்குண்டுகளைக் கொட்டின. விடிவதற்குள் நகரின் பெரும்பகுதி சாம்பல். சுமார் 2,000 பேர் இறந்தார்கள். அந்தத் தாக்குதலின்போது இரண்டு பி-29 விமானங்கள் வானத்தில் ஒன்றோடொன்று மோதி விழுந்தன. அவற்றில் இருந்த 23 அமெரிக்கர்களும் இறந்தார்கள்.

ஊரே எரிந்து, சொந்தங்களைத் தேடிக்கொண்டிருந்த வேளையில், இத்தோ ஃபுக்குமாட்சு என்ற பௌத்தர் அந்த 23 உடல்களையும் எடுத்து அடக்கம் செய்தார். எதிரிக்கு இரக்கமா என்று ஊரார் ஏசினார்கள். அவர் விடவில்லை. பிற்பாடு இந்த மலையுச்சியில், இறந்த ஊர் மக்களுக்கு ஒரு நினைவுச் சின்னமும், விமானத்தில் வந்தவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னமும் எழும்பின. சிதைந்த விமானத்தில் அவர் கண்டெடுத்த, கருகி நசுங்கிய ஒரு தண்ணீர்க் குப்பி இன்றும் பத்திரமாக இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஜப்பானியரும் அமெரிக்கரும் இங்கே கூடி, அந்தக் குப்பியிலிருந்து மதுவை ஊற்றி இரு தரப்புக்கும் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

அந்த இரவில் ஷுன்சாகு டாமியாவுக்கு வயது 10. மரக்கடை திறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. குண்டு விழுந்த ஊர்தான் பிறகு போர் விமானங்களையும் பீரங்கிகளையும் சின்னதாகச் செய்து உலகத்துக்கு அனுப்பியது. குழந்தைகள் கையில் போர்க் கருவியா என்ற கேள்வி அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஒழுங்காக மாடல் கட்டுபவர் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகவும் முடியாது. வாலில் என்ன எண் எழுதுவது என்று தேடினால், அந்த விமானம் எங்கே பறந்தது, யார் ஓட்டினார், திரும்பி வந்தாரா என்பதும் கூடவே வந்துவிடும்.

பி-29 விமானத்தின் இறக்கை நீளம் 43 மீட்டர். 1/72 அளவில் கட்டினால் 60 சென்டிமீட்டர். சாப்பாட்டு மேசையில் பாதியை அடைக்கும். அதில் வழக்கமாகப் பறப்பவர்கள் 11 பேர். அதே அளவில் ஒரு மனிதர் இரண்டரை சென்டிமீட்டர்கூட இருக்கமாட்டார். கண்ணாடி மூக்குக்குப் பின்னால் அவரை ஒட்டுவதற்கு முன், முகத்துக்கு வண்ணம் தீட்ட மிக மெல்லிய தூரிகை வேண்டும். கை நடுங்காமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும்.

மலையை விட்டு இறங்கினால், கோயில் வாசலில் அந்தக் காலத்துத் தச்சர்கள் செதுக்கிய மரச் சிற்பங்கள். சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் சிலர் அவற்றை அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒருவன் பையில் டாமியாவின் சிவப்பு, நீல இரட்டை நட்சத்திரம் போட்ட பெட்டி துருத்திக்கொண்டு தெரிகிறது.