உள்பக்கம் தேய்ந்த டயர்

ஒரு காரை யார் பார்த்தாலும் வெளிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். பெயிண்ட், அலாய் வீல், உயரம்... டயரிலும் வெளிப்பக்கம்தான் கண்ணில் படும். உள்பக்கத்தைப் பார்ப்பது இரண்டே பேர். ஒருவர் பஞ்சர் கடைக்காரர். இன்னொன்று வண்டிக்கடியில் தூங்கும் தெருநாய் :-)

கோயம்புத்தூரில் பி.காம். கடைசி வருடம் படிக்கும் ஒருவனின் கதை இது. வீட்டில் ஒரு பழைய மாருதி ஜென். 1993-ல் வந்து 2006-ல் நின்றுபோன அந்த உருண்டை ஜென்தான். அப்பா பதினைந்து வருடத்துக்கு மேல் ஓட்டி, ஆர்.சி.யையும் புதுப்பித்துவிட்டு, "பெட்ரோல் நீயே போட்டுக்கோ" என்று சாவியைக் கொடுத்தார். மூன்றே மாதத்தில் பையன் வண்டியை 'லோ' பண்ணிவிட்டான்.

இதற்கென்றே செய்த ஸ்பிரிங் வாங்கினால் செலவு அதிகம். ஒரு பட்டறையில் இருக்கிற ஸ்பிரிங்கையே கிரைண்டரில் ஒன்றரைச் சுற்று வெட்டிப் போட்டார்கள். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து 1,500 ரூபாய். அன்றைக்கே முன்பக்கம் இரண்டு புது டயரும் மாட்டினான்.

"அலைன்மென்ட் பாக்கணுமாண்ணா?"

"ஓட்டிப் பாருங்க தம்பி. நேராப் போச்சுன்னா எதுக்கு?"

ஓட்டிப் பார்த்தான். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாலும் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. 500 ரூபாய் மிச்சம்! கல்லூரி வாசலில் வண்டி நின்ற அழகைப் பார்த்து நாலு பேர் போட்டோ எடுத்தார்கள்.

ஆறு மாதம் ஓடியது. சுமார் 6,000 கிலோமீட்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிக்குப் போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அக்காவுக்கு ஏழாம் மாதம், அடுத்த வாரம் வளைகாப்பு. கிணத்துக்கடவு தாண்டும்போது வண்டி இடப்பக்கமாக இழுத்தது. முன் டயரில் ஆணி. நல்லவேளை, பக்கத்திலேயே பஞ்சர் கடை. அக்கா வேப்பமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டவர், ஆணியைத் தொடாமல் அவனைக் கூப்பிட்டார்.

"ஏனுங் தம்பி, இத வெச்சுட்டா இத்தன தூரம் வந்தீங்க?"

"புது டயருங்ணா. ஆறு மாசந்தான் ஆச்சு."

"புதுசுதானுங். இந்தப் பக்கம் தொட்டுப் பாருங்க."

தொட்டான். வெளிப்பக்கத்தில் பட்டன் அப்படியே இருந்தது. உள் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு முழு மொட்டை. அந்த மொட்டையிலும் ஓர் இடத்தில் ரப்பர் போய், உள்ளே இருக்கும் கம்பி முள் மாதிரி குத்தியது. வலப்பக்க டயரும் அதே கதை.

"வண்டி டயர் திங்குதுங் தம்பி. ஆணி ஏறுனது உங்க அதிர்ஷ்டம்."

"என்னடா ஆச்சு?" என்று அக்கா கேட்டாள். "பஞ்சர்க்கா" என்றான். ஒரு பக்கம் ஸ்டெப்னி, இன்னொரு பக்கம் கடைக்காரரிடம் 1,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய டயர். மீதித் தூரம் முழுவதும் நாற்பதைத் தாண்டவில்லை.

சரி, இது எப்படி நடந்தது? ஜென்னின் முன் சக்கரத்தைக் கீழே ஒரு ஆர்ம் பிடித்திருக்கிறது, மேலே ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஸ்ட்ரட் பிடித்திருக்கிறது. ஸ்டியரிங்கிலிருந்து வரும் டை ராட் சக்கரத்தைத் திருப்புகிறது. ஸ்பிரிங்கை வெட்டினால் பாடி கீழே இறங்கும், சக்கரம் ரோட்டிலேயே இருக்கும். ஆகவே நடுவில் உள்ள கோணங்கள் எல்லாம் மாறும்.

முதலில் மாறுவது கேம்பர். சக்கரத்தின் தலை உள்பக்கமாகச் சாயும். செருப்பை ஒரு பக்கமாகத் தேய்த்து நடப்பவர்கள் இருக்கிறார்களே, அந்த மாதிரி. இரண்டாவது, டோ. ஆர்மும் டை ராடும் ஒரே வட்டத்தில் அசைவதில்லை. உயரம் குறையும்போது டை ராட் சக்கரத்தைக் கொஞ்சம் தள்ளிவிடும், அல்லது இழுத்துவிடும். இந்த ஜென்னில் இரண்டு சக்கரமும் முன்னால் வெளியே விரிந்துவிட்டன. வாத்துக் கால் மாதிரி.

லோ பண்ணிய வண்டியில் டயர் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத்தான் திட்டுவார்கள். ஆனால் ரேஸ் வண்டிகளில் சக்கரத்தை வேண்டுமென்றே அப்படிச் சாய்த்து வைப்பார்கள், வளைவில் டயர் நன்றாகப் பதியட்டும் என்று. கேம்பர் மட்டும் என்றால் டயரை மெதுவாகத்தான் தின்னும். பெரிய தீனிக்காரன் டோ.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மறுநாள் அலைன்மென்ட் கடையில் வண்டியை இருந்தபடியே அளந்ததில், ஒவ்வொரு சக்கரமும் ஏறக்குறைய அரை டிகிரி வெளியே திரும்பியிருந்தது. அரை டிகிரி கண்ணுக்கே தெரியாது. ஆனால் சக்கரம் பார்க்கும் திசை ஒன்று, வண்டி போகும் திசை வேறு. ஒரு கிலோமீட்டர் ஓடினால் சுமார் 8.7 மீட்டர் பக்கவாட்டுத் தேய்ப்பு. 6,000 கிலோமீட்டருக்கு 52 கிலோமீட்டர்! கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும், அதற்கு மேலும், டயரைக் குறுக்கே இழுத்துக்கொண்டு போன மாதிரி. கேம்பரால் பாரம் உள் ஓரத்தில் இருந்ததால் அந்த ஓரம்தான் அதிகமாகப் பலியானது.

அப்படியானால் வண்டி எப்படி நேராகப் போனது? இடது சக்கரம் இடப்பக்கம் இழுக்க, வலது சக்கரம் அதே அளவு வலப்பக்கம் இழுத்தது. ஒன்றின் தப்பை இன்னொன்று மறைத்தது. பி.காம். முதல் வருடத்திலேயே இந்தப் பாடம் உண்டு. இருப்பாய்வு சரியாக வந்துவிட்டால் கணக்கில் தப்பே இல்லை என்று அர்த்தமில்லை, ஈடுசெய் பிழைகள் இருக்கலாம் என்று. அவன் அதற்குப் பரீட்சையில் முழு மார்க் வாங்கியவன் :-(

ஞாயிறு ராத்திரியே அப்பாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டான். அவர் திட்டவில்லை. டிக்கியில் கிடந்த அந்தத் தேய்ந்த டயரை டார்ச் அடித்துப் பார்த்தார். கம்பியை விரலால் தொட்டார்.

"அக்கா எந்தப் பக்கம் உக்காந்து வந்தா?"

"முன்னாடிப்பா. இந்த டயர் இருந்த பக்கம்."

டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நாலு அறை விட்டிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வெட்டிய ஸ்பிரிங் ஒட்டாது. உக்கடத்தில் பழைய ஸ்பிரிங் செட் 2,000, மாட்டக் கூலி 1,200, இரண்டு டயர் 6,400, அலைன்மென்ட் 500, வழியில் வாங்கிய பழைய டயர் 1,000. மொத்தம் 11,100 ரூபாய். மிச்சம் பிடித்தது 500.

லோ பண்ணுவதே பாவம் என்று சொல்ல வரவில்லை. உயரத்தை மாற்றினால் அன்றைக்கே அலைன்மென்ட் பார்க்க வேண்டும். முதலில் கேம்பர், அப்புறம் டோ. மாற்றிச் செய்தால், கேம்பரைத் திருத்தும்போது டோ மறுபடி கலைந்துவிடும்.

லோ பண்ணாத வண்டிக்காரர்களும் மாதம் ஒரு தடவை இதைச் செய்யலாம். வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்தால் டயரின் முகம் முழுவதும் தெரியும். உள்ளங்கையை டயரின் குறுக்கே இரண்டு திசையிலும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழு, மறு திசையில் ரம்பம் மாதிரி உரசினால் டோ. ஒரு ஓரம் மட்டும் வழுக்கையாக இருந்தால் கேம்பராக இருக்கலாம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்ன மேடு இருக்கும். டயர் அந்த அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆகவேண்டும்.

அக்காவுக்குப் பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அதே ஜென்னில்தான் வந்தார்கள். வண்டி பழையபடி உயரமாக நின்றது, போட்டோ எடுக்க யாரும் வரவில்லை. கிளம்பும் முன் அவன் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துவிட்டு இறங்கினான். அதற்குள் அப்பா டயருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, உள்பக்கம் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார்.