ஆயிலுக்கும் பிளட் டெஸ்ட்!

கொக்கிலமேட்டில் என் தங்கை புருஷனுக்கு ஒரு ஃபைபர் படகில் பங்கு. டீசல் எஞ்சின் கரும்புகை கக்க ஆரம்பித்ததும், செங்கல்பட்டு மெக்கானிக், "ஆயிலை லேபுக்கு அனுப்பிப் பாருங்க சார்" என்றார். நமக்கென்ன, பிரமாத வேலையா! ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி, பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

ஆயிலில் தண்ணீர் என்று ரிப்போர்ட்! எஞ்சினைப் பிரித்தாக வேண்டுமாம். தங்கையின் வளையல்கள் அடகுக்கடைக்குக் கிளம்பிவிட்டன.

மெக்கானிக் ஒரே கேள்விதான் கேட்டார். "பாட்டிலைக் காய வெச்சீங்களா சார்?"

நான் கடலைப் பார்த்தேன்.

அவர் எஞ்சினிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, சூடான தகட்டில் விட்டார். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியுமாம். சத்தமே இல்லை!

பிறகு முறைப்படி எடுத்தார். கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினார்; சூட்டில்தான் அழுக்கெல்லாம் சமமாகக் கலந்திருக்கும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய புது டிரிப்ஸ் ட்யூபை டிப்ஸ்டிக் நீளத்துக்கு அளந்து, அடிக்கசடைத் தொடாமல் நடு ஆயிலில் நிற்க விட்டு, சிரிஞ்சால் உறிஞ்சினார். (ஆயில் மாற்றும் நாளென்றால், முதலில் கொட்டுவதை விட்டுவிட்டு நடுவில் பிடித்தால் போதும்.) புது பாட்டில், 100 மில்லி. மேலே தேதி, ஆயில் ஓடிய மணிக்கணக்கு. அது இல்லாவிட்டால் ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே கிடையாதாம்.

1940-களிலேயே அமெரிக்க ரயில்வேக்காரர்கள் இப்படித்தான் டீசல் எஞ்சினுக்கு நாடி பார்த்தார்கள்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் தண்ணீர் இல்லை, சிலிக்கான் ஏகத்துக்கு. அதாவது, மணல்! ஏர் ஃபில்டரைக் கழற்றினால், பாதி கடற்கரை உள்ளே இருந்தது.

வளையல்கள் வீடு திரும்பின. அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் தங்கை இப்போது ஊறுகாய் போட்டிருக்கிறாள். நான் தொடுவதில்லை.