பந்தய வண்டிக்கு ஒரு வண்டி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து செல்லும் ஒரு மோட்டார் சைக்கிள், தன் கொட்டகையிலிருந்து பந்தயத் திடலுக்குத் தானாகப் போக முடியாது. மற்றொரு வண்டியின் முதுகில் ஏறித்தான் போக வேண்டும். கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் சென்ற சித்திரையில் எங்கள் வீட்டில் இந்த வேடிக்கை பெரிய விவாதமாக மூண்டது. முடிவில், நான்கு ஆண்டுகளாக என் தொண்டையில் சிக்கியிருந்த ஓர் உண்மையையும் வெளியே இழுத்துப் போட்டது. அதைத்தான் இங்கே எழுதத் துணிந்தேன்.

கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே என்ற பந்தயத் திடல் இருக்கிறது. 1995இல் விமான விபத்தில் மறைந்த பந்தய வீரர் கரிவர்தன் அவர்களின் நினைவாகப் பெயரிடப்பட்டது அது. அதிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் என் தாய்மாமன் ஒரு பட்டறை வைத்திருக்கிறார். பந்தயத்துக்குப் போகும் இரண்டு மூன்று இளைஞர்களின் வண்டிகளைச் செப்பனிட்டுத் தருவது அவருடைய தொழிலில் ஒரு பகுதி. என் அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்று அங்கே வேலைக்குச் சேர்ந்தவன். நான் கல்லூரியில் கட்டும் ஒவ்வொரு ரூபாயிலும் அவன் கையின் கிரீஸ் ஒட்டியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

அதனால்தான் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்தார்.

“மாப்ள, வாடகை வண்டிக்குக் குடுத்துக் குடுத்து மாளல. சொந்தமா ஒண்ணு எடுத்தரலாம்னு இருக்கறேன். நாங்க பாக்கறதெல்லாம் கண்ணளவு. நீ பிசிக்ஸ் படிக்கறவன். கணக்குப் போட்டுச் சொல்லு, எந்த வண்டி எடுக்கலாம்னு.”

அன்றுவரை என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. நெஞ்சு நிமிர்ந்தது என்பதை மறைப்பானேன்!

பந்தய மோட்டார் சைக்கிளைச் சாலையில் ஓட்டிப் போனால் என்ன என்று நண்பர்கள் கேட்கலாம். முகப்பு விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பலகை ஆகிய அனைத்தையும் அதிலிருந்து கழற்றி விடுகிறார்கள். அதன் டயர் பந்தயத் தளத்துக்கென்றே செய்யப்பட்டது. சாலைக்கு அது சட்டப்படியும் ஆகாது, பாதுகாப்புக்கும் ஆகாது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த நாளில், சிலர் தங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டே போய், விளக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்தயம் ஓடி, மீண்டும் மாட்டிக்கொண்டு வீடு திரும்புவார்களாம். மாமாவுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொன்ன கதை இது. 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் தனித் திடல் திறக்கப்பட்டது. எங்கள் பட்டறைக்குச் செட்டிபாளையம் பக்கத்து வீடு. இருங்காட்டுக்கோட்டையோ ஏறத்தாழ 500 கிலோமீட்டர். வண்டி தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கலெல்லாம் அந்த 500 கிலோமீட்டரில்தான் இருக்கிறது.

ஒரு குயர் நோட்டு வாங்கி வேலையைத் தொடங்கினேன். எங்களிடம் உள்ள 150 சி.சி. பந்தய வண்டி ஒன்று சுமார் 140 கிலோ. நீளம் 2 மீட்டர், அதாவது ஆறரை அடிக்குச் சற்று மேல். இரண்டு வண்டிக்கு 280 கிலோ. மாற்று டயர்கள், கருவிப் பெட்டி, ஸ்டாண்டுகள், பெட்ரோல் கேன், கூடாரத் துணி எல்லாம் சேர்த்து 150 கிலோ. ஆக மொத்தம் 430 கிலோ.

முதலில் வந்தது பழைய ஆம்னி வேன். 1984 முதல் 2019 வரை உற்பத்தியான வண்டியாதலால் பழையது எளிதில் கிடைக்கும். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒரு பைக்கை ஏற்றலாம் என்று ஒருவர் சொன்னார். ஆனால் பெட்ரோல் டேங்க் உள்ள வண்டியை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு, அதன் ஆவியைச் சுவாசித்தபடி இரவு முழுவதும் பயணம் செய்வது நெருப்போடு விளையாடுவதாகும். அதை அடித்துவிட்டேன்.

அடுத்தது பொலேரோ பிக்கப். மாமாவின் மனம் இதிலேதான் இருந்தது. ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும். திடலில் மற்ற குழுவினர் நடுவே நிறுத்தினால் மதிப்பும் உண்டு. அதே இனத்தில் கேம்பர் என்று ஒன்று. முன்னால் இரட்டை வரிசை இருக்கை உண்டு, ஐந்து பேர் முறையாக அமரலாம். ஆனால் பின்னால் உள்ள தொட்டி குட்டையானது. பைக் முழுதாக அடங்காது.

கடைசியில், நம்மூரில் எல்லாரும் குட்டி யானை என்று செல்லமாக அழைக்கும் டாட்டா ஏஸ். 2005இல் வந்தது. முதலில் வந்த மாதிரியில் இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் இயந்திரம், 16 குதிரைத்திறன். தாங்கும் எடை 750 கிலோ. தொட்டியின் நீளம் 2200 மில்லிமீட்டர், அகலம் 1490 மில்லிமீட்டர். எங்கள் பைக் நேராக நிற்கும். ஒன்றின் முகம் முன்னும் மற்றதன் முகம் பின்னுமாக நிறுத்தினால் இரண்டும் அடங்கும். வார நாட்களில் பம்புசெட்டும் வார்ப்படமும் ஏற்றி வாடகை சம்பாதிக்கலாம். குறை ஒன்றே: வேகம் குறைவு. சென்னைப் பக்கம் போகப் பன்னிரண்டு மணி நேரமாவது ஆகும்.

சுமை 430, தாங்குவது 750. முதலாண்டுத் தமிழ் வகுப்பில் ஐயா ‘வலியறிதல்’ அதிகாரம் நடத்தும்போது வண்டியின் அச்சைப் பற்றி வள்ளுவர் சொன்னதை விளக்கியது நினைவுக்கு வந்தது. நம் சுமைக்குக் குட்டி யானையே போதும் என்று நோட்டில் எழுதிக் கோடிட்டேன்.

ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் கணக்குப் போட்டேன். தொட்டி தரையிலிருந்து 3 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 6 அடிப் பலகை போட்டால் 140 கிலோ வண்டியைத் தள்ள 70 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். 9 அடிப் பலகை என்றால் 47 கிலோவுக்குச் சமமான விசை போதும். சாய்தளப் பாடத்தை நாம் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம்!

அடுத்து, கட்டுவது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 25 மீட்டரில் நிற்குமாறு பிரேக் போட்டால், உள்ளே நிற்கும் 140 கிலோ பைக் ஏறத்தாழ 80 கிலோ எடை அளவு விசையோடு முன்னே தள்ளும். ஒரு வளர்ந்த ஆள் மேலே சாய்ந்தாற்போல. இதைக் கயிற்றால் சும்மா கட்டினால் போதாது. பைக்கின் முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் இருக்கிறது. அதை அழுத்தாமல் கட்டினால், சாலையில் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்பிரிங் அமுங்க, கயிறு தொய்ந்து போகும். ஸ்பிரிங்கைப் பாதியளவு அழுத்தி, ராட்செட் பெல்ட்டால் இருபுறமும் கீழ்நோக்கி இறுக்கினால், அந்த ஸ்பிரிங்கே பெல்ட்டை எப்போதும் விறைப்பாக வைத்திருக்கும். ஹூக் விதியை முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் எடைக்கற்களைத் தொங்கவிட்டுச் சரிபார்த்தோமே, அதே விதிதான்.

இந்த வரியை எழுதும்போது என் கை நின்றுவிட்டது.

மறுநாள் மாலை பட்டறையில் நோட்டை விரித்தேன். மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையாட்டினார்.

“எல்லாஞ் செரி மாப்ள. ஆனா குட்டி யானையில முன்னால ரெண்டே பேரு. நாம நாலு பேரு போகோணும். பிக்கப்புன்னா பின்னால தாராளமா உக்காந்துக்கலாம். வண்டியவும் புடிச்சுக்கலாம்.”

“சரக்கு வண்டியில பின்னால ஆள் ஏத்தக் கூடாதுங்க மாமா. அப்படிப் பயணியா ஏறுனவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லைன்னு 2002லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சுங்க.”

“அட, இத்தன வருசமா அப்படித்தானப்பா போறோம். யாரு கேட்டா?”

அண்ணன் கீழே குந்தி ஒரு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய வலது காலை நான் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நான் பதினோராம் வகுப்புப் படித்தபோது, காலாண்டு விடுமுறையில் முதன்முறையாக இருங்காட்டுக்கோட்டைக்குப் போனேன். திரும்பும்போது வாடகை வண்டியின் தொட்டியில் இரண்டு பைக்குகளும், அவற்றின் நடுவே நானும் அண்ணனும். பெல்ட் கிடையாது, தேங்காய் நார்க் கயிறு. கயிறு தொய்ந்தால் பிடித்துக்கொள்வதற்குத்தான் நாங்கள். பாதி வழி அண்ணன் விழித்திருந்தான். சேலத்தில் என்னை எழுப்பி, “கொஞ்சம் படுத்துக்கறேன்டா, நீ பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் படுத்தான். சங்ககிரியைத் தாண்டிய பிறகு முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. எங்கள் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். பைக் சாய்ந்து அண்ணனின் முழங்காலுக்குக் கீழே விழுந்தது.

பத்து வாரம் மாவுக்கட்டு. சம்பளம் இல்லை. அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. இன்றும் குளிர்காலத்தில் அவன் அந்தக் காலைச் சற்று இழுத்து நடப்பான். “கயிறு தொய்ஞ்சு போச்சு” என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பொய்யல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல.

“மாமா, அன்னைக்குக் கயிறு தொய்ஞ்சது நெசந்தானுங்க. ஆனா புடிக்கறதுக்கு நான் முழிச்சிருக்கலீங்க. தூங்கிட்டேன்.”

பட்டறையில் யாரும் பேசவில்லை. எண்ணெய்க் கேனைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் நிமிர்ந்தான். கோபிப்பான் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்துச் சொன்னான்:

“மூணு நாளாத் தூங்காத பையன் தூங்காம என்ன பண்ணுவான்? ஆளைக் கயிறாக் கட்டிட்டுப் போனது நம்ம தப்புங்க மாமா. பெல்ட்டுக்குத் தூக்கம் வராது.”

மாமா நெடுநேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நாலு பேருல ரெண்டு பேரு எப்படிப் போறது?” என்று கேட்டார். அவர் குரலில் பழைய வேகம் இல்லை.

“சேரன் எக்ஸ்பிரஸ்ல போறதுங்க” என்றேன்.

அந்தக் கணக்கையும் அங்கேயே போட்டோம். பிக்கப்புக்கும் குட்டி யானைக்கும் உள்ள விலை வித்தியாசத்துக்கு ஆகும் கடன் வட்டியில், இரண்டு பேர் ஆண்டு முழுவதும் எத்தனை பந்தயத்துக்குப் போனாலும் ரயில் டிக்கெட் எடுத்துவிடலாம். எத்தனையோ இரவுகள் நாங்கள் எங்கள் உடம்பையே கொடுத்து மிச்சப்படுத்தியது, இரண்டு ரயில் டிக்கெட்டை!

வைகாசியில் ஒரு பழைய குட்டி யானை எங்கள் வாசலுக்கு வந்தது. வாங்குமுன் ஆர்.சி. புத்தகம், தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் ஆகியவற்றை நான் வரி வரியாகப் படித்தேன். மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. 7500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைச் சாதாரண இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்று 2017இல் வந்த தீர்ப்பை, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்திருக்கிறது. ஆகவே அண்ணனின் உரிமமே போதுமானது. தொட்டியின் தரையில் இரும்பு வளையங்கள் எட்டு பற்றவைத்தான். பைக் ஒன்றுக்கு நான்கு பெல்ட். பலகை 9 அடி.

அடுத்த பந்தயத்துக்கு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் குட்டி யானை புறப்பட்டது. ஓட்டுநர் இருக்கையில் அண்ணன்; அருகே மாமா. முப்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, பெல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டியிருந்தேன். மாமா அவிநாசியிலிருந்தே போன் செய்து, “இறுக்கிட்டோம் மாப்ள” என்றார்.

அன்று வகுப்புகளை முடித்துக்கொண்டு இரவு நானும் பட்டறைப் பையன் ஒருவனும் சேரனில் ஏறினோம். அவனுக்குப் பதினேழு வயது. “அண்ணா, நடுவுல எப்பவாச்சும் எழுப்பி விடுவீங்களா? வண்டியப் பாக்கோணுமா?” என்று கேட்டான்.

“எதையும் பாக்க வேண்டாம். தூங்கு” என்றேன்.

எந்த வண்டி தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்கு என் நோட்டு இப்போதும் பட்டறையில் இருக்கிறது. சுமை, நீளம், உயரம், விலை என்று நான் எழுதிய தலைப்புகளுக்கெல்லாம் மேலே, அண்ணன் தன் கோணல் எழுத்தில் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறான்: ‘ஆள் எங்கே உட்காருவது?’ பிசிக்ஸ் படித்த நான் முதலில் எழுதியிருக்க வேண்டிய வரி அது.

பெட்டியில் விளக்கை அணைத்தார்கள். சங்ககிரி எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.