எண்ணிக்கையும் சாட்சியமும்

தமிழ் பயிலும் மாணவனுக்குப் புள்ளியியலோடு யாது தொடர்பு என வினவுவார் உளர். ஏட்டுச்சுவடிகளின் பாடபேதங்களே என்னை அதன்பால் ஈர்த்தன. ஒரு செய்யுளில் பத்துச் சுவடிகள் ஒரு சொல்லையும், இரண்டு சுவடிகள் வேறொரு சொல்லையும் காட்டுகின்றன எனக் கொள்வோம். பத்தின் பக்கமே மெய் எனத் துணிதல் எளிது. ஆயினும், அப்பத்தும் ஒரே தாய்ச்சுவடியைப் பார்த்து எழுதப்பட்டனவாயின், அவை பத்துச் சாட்சிகள் அல்ல. ஒரே சாட்சியின் பத்து எதிரொலிகளே.

ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் 1886-ஆம் ஆண்டில், பெற்றோர் உயரத்தையும் வளர்ந்த மக்களின் உயரத்தையும் ஒப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டார். பெண்டிர் உயரத்தை 1.08-ஆல் பெருக்கி ஆடவர் அளவோடு ஒப்பாக்கினார். பெற்றோர் உயரம் பொதுச் சராசரியினும் மூன்று அங்குலம் மிகின், மக்கள் உயரம் ஏறத்தாழ இரண்டு அங்குலமே மிகும் எனக் கண்டார். இன்றைய நேர்கோட்டு வாய்பாடுகளுக்கு அஃதொரு வித்தாயிற்று.

அவருடைய அட்டவணையில் மக்கள் 928 பேர், குடும்பங்களோ 205. உடன்பிறந்தார் ஒருவரையொருவர் ஒத்திருத்தல் இயல்பு. எளிய நேர்கோட்டுக் கணக்கோ, ஒருவர்பால் காணும் விலகல் பிறரைச் சாராதது என்றே கொள்கின்றது. அவ்வாறு கொள்வதனால் கோடு பெரிதும் இடம் பெயராவிடினும், அதன்மேல் நாம் வைக்கும் நம்பிக்கை அளவு கடந்துவிடும்.

இம்மிகையை அளக்கும் முறையை லெஸ்லி கிஷ் என்பார் 1965-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இல்லத்துக்கு ஐவராக 180 இல்லங்களில் 900 பேரை அளந்தோம் எனவும், ஓரில்லத்தாரின் ஒப்புமை 0.5 எனவும் வைத்துக்கொள்க. ஐந்தில் ஒன்று நீக்கி, எஞ்சிய நான்கை 0.5-ஆல் பெருக்கி, ஒன்று கூட்டின் 3 ஆகும். 900-ஐ 3-ஆல் வகுப்பின் 300. சராசரி உயரத்தைக் கணிக்குங்கால், அத்தொள்ளாயிரவர் தனித்தனி இல்லத்து முந்நூற்றுவர்க்கே நிகராவர். இதற்காக உடன்பிறந்தாரை விலக்க வேண்டுவதில்லை. வாய்பாட்டில் குடும்பத்துக்கென ஓர் உறுப்பைச் சேர்ப்பின் கணக்கு நேர்படும்.

இது வெறும் கணிதர் வழக்கன்று. புதிய போதனாமுறை ஒன்றை ஒரு வகுப்பிலும், பழைய முறையை மற்றொரு வகுப்பிலும் கையாண்டு, மாணவர் எண்பதின்மரைச் சோதித்ததாக ஒருவர் கூறலாம். உண்மையில் அவர் ஒப்பிட்டவை இரண்டே வகுப்புகள். முறையின் பயன் இது, ஆசிரியரின் திறன் இது எனப் பிரித்தறிய அங்கே வழியில்லை. அம்முடிபை நம்பி ஒரு மாகாணத்துச் சிறுவர் அனைவர்மீதும் அம்முறையைச் சுமத்தின், இழப்பு அவர்களுடையதே. ஆகலின், எத்துணைப் பேர் கூறினர் என்று கேட்குமுன், எத்துணைப் பேர் தனித்தனியே கூறினர் எனக் கேட்டல் அறிவுடைமை மட்டுமன்று, அறமுமாகும்.