'காடு இல்ல தம்பி... இதுவும் வெள்ளாமைதான்!'

புழல் ஏரிக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டிப் போனால் வழியெங்கும் குடோன்கள். நடுவே ஒன்றரை ஏக்கர் சவுக்குத் தோப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. உரிமையாளருக்கு வயது அறுபதுக்கு மேல். சுற்றியிருந்த நிலமெல்லாம் கைமாறிவிட்டது. "நாமளும் குடுத்துட்டு நிம்மதியா இருக்கலாமேப்பா" என்று மகன் சொல்லாத நாளில்லை.

ஒருநாள் காலை தோப்பு வாசலில் வேன் வந்து நின்றது. வனவியல் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களும் இரண்டு ஆராய்ச்சியாளர்களும் இறங்கினார்கள். மேட்டுப்பாளையத்தில் படிக்கும் மாணவி ஒருவர் கூடவே வந்து மொழிபெயர்த்தார்.

செனகல் நாட்டு மாணவரின் முதல் கேள்வி, "இது எந்தத் துறையோட காடு?"

"துறையும் இல்ல, காடும் இல்ல தம்பி. என் பட்டா நிலம். நெல்லு மாதிரி இதுவும் வெள்ளாமைதான்" என்றார் பெரியவர்.

அந்த மாணவருக்கு ஆச்சர்யம். செனகல் கடற்கரையில் காய்கறித் தோட்டங்களை மணல் மூடாமல் இருக்க அரசே சவுக்கு நட்டு வளர்த்தது. சீனாவின் தென்கடற்கரையிலும் வியட்நாமிலும் அது புயல் காற்றைத் தடுக்கும் அரண். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும்தான் சிறு விவசாயிகள் பெரிய அளவில் இதைப் பயிராகவே நட்டு, 3, 4 வருடத்தில் வெட்டுகிறார்கள். சாரம் கட்டவும், காகித ஆலைக்கும் போகிறது. ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாயில் படகு படகாக வந்து சென்னையின் அடுப்புகளை எரித்ததும் இந்த விறகுதான். 2014 பிப்ரவரியில் ஐந்தாவது சர்வதேச சவுக்குப் பயிலரங்கம் சென்னையை அடுத்த மாமல்லபுரத்தில் நடந்தது பொருத்தம்தான்.

"எல்லாம் கேட்டீங்க, நானும் ஒண்ணு கேக்கறேன். பட்டையில கொப்புளம் கொப்புளமா வந்து மரம் காயுதே, என்ன மருந்து?" என்றார் பெரியவர்.

"அது பூஞ்சண நோய். முத்தின பிறகு மருந்து அடிச்சுக் காப்பாத்த முடியாதுங்க. அந்த மரங்களை வேரோட எடுத்து எரிச்சிடுங்க. அடுத்த நடவுக்கு நோய் தாங்கற ஜுங்குனியானா வகைக் கன்றா பார்த்து வாங்குங்க" என்றார் ஆராய்ச்சியாளர்.

அடுத்து, "போன வெட்டுக்கு எத்தனை டன் கிடைச்சுதுங்கய்யா?" என்று கேட்டார் அந்த மாணவி. பெரியவரிடம் பதில் இல்லை. வியாபாரி தோப்பை ஒரு சுற்று சுற்றி வந்து ஒரு தொகை சொல்வார். இவர் கொஞ்சம் கூட்டிக் கேட்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். எடை போட்டதே இல்லை. மூன்று வெட்டும் அப்படித்தான் போயிருந்தது.

மாணவர்கள் டேப்பை எடுத்தார்கள். வரிசைக்குச் சில மரங்கள்; தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு; பிறகு மர உயரம். அதைச் சராசரியாக்கி, மரங்களின் எண்ணிக்கையோடு பெருக்கி, ஏக்கருக்கு உத்தேசமாக எவ்வளவு தேறும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பெரியவர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "நட்டது நான். கணக்கு மட்டும் வாங்கறவன்கிட்ட இருந்திருக்கு" என்றார்.

ஒதுங்கி நின்றிருந்த மகன், வேன் கிளம்பும் முன் மாணவியிடம் போய், அளக்கும் முறையை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார்.

நிலத்தை விற்பதா, வைத்திருப்பதா என்ற பேச்சு அந்த வீட்டில் இன்னும் முடியவில்லை. ஆனால், மாதத்துக்கு ஒருமுறை அப்பா மரத்தைச் சுற்றி டேப்பைப் பிடிக்க, மகன் நோட்டில் எழுதுகிறார். அடுத்த வெட்டு எடைமேடை ஏறித்தான் போகும் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள்.