முதிய கொடியின் இரசம்

நாள்தோறும் திருப்பலிக்குமுன் சிறு குப்பியில் திராட்சை இரசத்தை ஊற்றும்போது, அது எந்தக் கொடியில் விளைந்தது என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அது திராட்சைக் கனியின் இயற்கையான இரசமாகவும் கெட்டுப்போகாததாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 924. அதற்குமேல் நாம் கேட்டதில்லை. எம்மோடு குருமடத்தில் பயின்று, தென் ஆஸ்திரேலியாவில் பணியாற்றும் குரு ஒருவர் விடுமுறையில் வந்து சொன்ன செய்தியே எம்மைச் சிந்திக்க வைத்தது.

அங்கே அடிலெய்டு நகருக்கு வடக்கே பரோசா பள்ளத்தாக்கு உள்ளது. சமய நெருக்கடியால் தாயகம் துறந்த ஜெர்மானிய லூத்தரன் குடியானவர்கள் 1840களில் அங்கே ஷிராஸ் என்னும் கருந்திராட்சையை நட்டனர். 1843இல் நட்டவை எனப்படும் சில கொடிகள் இன்றும் கனி தருகின்றன. மேலும் வடக்கே கிளேர் பள்ளத்தாக்கின் செவன்ஹில்லில், 1851இல் இயேசு சபையினர் பலிபீடத்திற்கான இரசத்திற்கெனத் தோட்டம் அமைத்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பைலோக்சரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. 1877இல் அது அண்டை மாநிலமான விக்டோரியாவிலும் காணப்பட்டது. தென் ஆஸ்திரேலியா கடும் தடைகளால் தப்பியது. ஆதலால் அம்முதிய கொடிகள் தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன. அவற்றில் கொத்துகள் குறைவு. கனிகளும் பெரும்பாலும் சிறியவை. சிவப்பு இரசத்தின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து வருவதால், சாற்றைத் தோலுடன் சேர்த்தே புளிக்க வைக்கின்றனர். கனி சிறுத்தால் சாற்றுக்குத் தோல் மிகுதி; இரசமும் செறிவுறும்.

பூச்சி தொடாததை மனிதர் கை தொட்டது. 1980களில் திராட்சை தேவைக்கு மிஞ்சியது. சிவப்பு இரசத்தை நாடுவோரும் குறைந்தனர். கொடிகளைப் பிடுங்கும் உழவர்க்கு அரசே பணம் கொடுத்தது. முதிய கொடிகள் பல வேரோடு பெயர்க்கப்பட்டன. பின்னர் அதே முதிய கொடிகளின் இரசத்தை உலகம் தேடி வந்தது. 2009இல் பரோசாவினர் எஞ்சியவற்றை வயதுவாரியாக வகுத்தனர்: 35 ஆண்டு கடந்தது 'முதியது', 70 கடந்தது 'பிழைத்தது', 100 கடந்தது 'நூற்றாண்டு கண்டது', 125 கடந்தது 'மூதாதை'. பிடுங்கியவற்றுக்குப் பெயர் ஏது?

அன்பர்களே, இதைக் கேட்டபோது எமது முதற் பங்கின் உபதேசியார் நினைவுக்கு வந்தார். எழுபதைக் கடந்தவர், கண் மங்கியவர், கணக்கேட்டைக் காலம் தாழ்த்தியே தருவார். இளைஞர் ஒருவரை நியமித்து, அவருக்குப் பொன்னாடை போர்த்தி ஓய்வளித்தோம். சாவிக்கொத்தை மேசைமேல் வைத்த அவர், "சாமி, சாவுமணி அடிக்கும்போது கயிற்றை மெதுவா இழுக்கச் சொல்லுங்க, உத்திரம் உளுத்திருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அதன்பின் எவ்வீட்டில் எவர் நோயுற்றார், எக்குடும்பம் எதனோடு பேசுவதில்லை என்று எமக்குச் சொல்ல ஆளில்லை. ஒரு மூதாட்டி நோயில்பூசுதல் பெறாமலே இறந்தார். முன்பென்றால் உபதேசியார் நள்ளிரவிலும் எம் கதவைத் தட்டியிருப்பார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எண்ணியெண்ணி நாள் கடத்தினோம். அதற்குள், மகள் வீட்டிற்குச் சென்றிருந்த அவர் அங்கேயே ஆண்டவரில் துயில்கொண்டார்.

பழையவை எல்லாம் நல்லவை என்று நாம் சொல்லவில்லை. கொடியைத் தறித்துவிட வேண்டும் என்று யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரமும் உணர்த்துகிறது. ஆயினும் தறிப்பது வேறு, பிடுங்குவது வேறு. லூக்கா 13இல் வரும் காய்க்காத அத்திமரம் நின்றதும் ஒரு திராட்சைத் தோட்டத்திலேதான். தோட்டக்காரர் அதற்கும் ஓராண்டு தவணை கேட்டார்.

அண்மையில் எமது இப்போதைய பங்கில், நெடுங்காலமாக மறைக்கல்வி கற்பித்துவரும் முதிய ஆசிரியையை விடுவிக்குமாறு பேரவையிலிருந்து ஒரு தாள் வந்தது. நாம் அதில் ஒப்பமிடவில்லை. இளைய ஆசிரியை ஒருவரை அவரருகில் அமரச் செய்துள்ளோம். இப்போது குப்பியில் இரசம் ஊற்றும் காலைகளில், அன்றைய பலியில் நினைவுகூரும் இறந்தோரோடு அந்த உபதேசியாரின் பெயரையும் சேர்த்துக்கொள்கிறோம்.